பழைய புல்லட்டின் நடுக்கம்: எதற்குச் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பெரியப்பா வாங்கி, பிறகு என் கைக்கு வந்த 1986-ஆம் ஆண்டு புல்லட்டில் அங்கே போய் இறங்கித் தேநீர்க் கடையில் தம்ளரைப் பிடித்தால், சூடு விரலுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆகும். உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். வழியெல்லாம் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது. ஒரு நிறத் தீற்றல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். 'புல்லட் என்றால் அப்படித்தான்' என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சொல்லில் பாதி உண்மை. மறுபாதி பராமரிக்காமல் விட்டதற்குச் சொல்லும் சமாதானம்.

எது எந்தப் பாதி என்று பிரித்தறிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. கைப்பிடி உறை மாற்றியதிலிருந்து எஞ்சினைப் பிரித்தது வரை எல்லா வழிகளையும் முயன்றேன். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்ததால் பணமும் நாளும் வீணாயின. அதே முடிவை எடுக்க நிற்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350-ஐ மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பிறவி நடுக்கமும் பின்னால் சேர்ந்த நடுக்கமும்

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அங்கே உருவான 350-இன் அடிப்படை அளவுகள் பல பத்தாண்டுகள் மாறவில்லை. 70 மி.மீ. விட்டமுள்ள ஒரே பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்கும். மொத்தம் 346 சி.சி. அந்த ஒரு பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் நின்று திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 தடவை இப்படி நடக்கிறது. பிஸ்டன், பின், ரிங், கனெக்டிங் ராடின் மேல்முனை எல்லாம் சேர்ந்து அரை கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதை நிறுத்தித் திருப்புவதற்கான விசை 220 கிலோ எடைக்கு மேல் வருகிறது. அந்த விசையை வாங்கிக்கொள்வது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க், அங்கிருந்து எஞ்சின் கூடு, அங்கிருந்து சேசிஸ், கடைசியில் நம் கை.

கிராங்க்கில் எதிர் எடை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது சுற்றுகிற எடை; பிஸ்டனோ மேலும் கீழும் மட்டும் போகிற எடை. எதிர் எடையைக் கூட்டி மேல்கீழ் உதறலை முழுவதும் அடக்கினால், அதே அளவு உதறல் முன்பின்னாகக் கிளம்பும். ஆகவே வடிவமைப்பவர்கள் பாதியை ஒட்டி ஈடுசெய்துவிட்டு மீதியை இரண்டு திசையிலும் பங்கிட்டு விடுகிறார்கள். பாலன்சர் ஷாஃப்ட் என்கிற எதிர்த்திசையில் சுழலும் தண்டு இல்லாத ஒற்றை சிலிண்டருக்கு வேறு வழி கிடையாது.

இன்னொரு கணக்கையும் இப்போதே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வரை உதவும். இந்த விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 2500 சுற்றிலிருந்து 3500-க்குப் போனால் உதறல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இது பிறவி நடுக்கம். ஆலையிலிருந்து வெளியே வந்த முதல் நாளிலும் இருந்தது. இதன்மேல் முப்பது நாற்பது வருடத்தில் சேர்ந்தது இன்னொன்று: தளர்ந்த போல்ட், நீண்டுபோன ஓட்டை, தவறிய டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), காய்ந்து இறுகிய ரப்பர், தேய்ந்த செயின். புதுக்கோட்டைப் பயணத்தில் என் விரல்களை மரக்கவைத்ததில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. பொருள்கள் விற்கும் கடைகள் காட்டும் தீர்வுகளோ பெரும்பாலும் முதல் வகைக்கானவை.

பணத்தை எடுக்கும் முன்

மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். கருவி எதுவும் வேண்டாம்.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை மூடி, வண்டியை உருளவிடுங்கள். நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சின்மேல் குற்றம் இல்லை. டயர், ரிம், ஸ்போக், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள கோன் செட் பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். சட்டென்று அடங்கினால் எஞ்சினும் அதைச் சார்ந்தவையும்.

அடுத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், சாலையில் எந்த ஓசையில் நடுங்கியதோ அதே ஓசைக்கு எஞ்சினை உயர்த்துங்கள். பழைய புல்லட்டில் சுற்றுமானி கிடையாது, காதுதான் சுற்றுமானி. அங்கும் அதே நடுக்கம் இருந்தால் எஞ்சின் அல்லது அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஓடும்போது மட்டும் வருகிறதென்றால் செயின், ஸ்பிராக்கெட், பின் சக்கர மையத்துக்குள் இருக்கும் கஷ் ரப்பர்.

மூன்றாவது சோதனையை ஒரு வயதான மெக்கானிக் எனக்குக் காட்டிக்கொடுத்தார். ஒருவர் எஞ்சினை அந்த ஓசையிலேயே பிடித்திருக்க, மற்றவர் எஞ்சின் தகடும் சேசிஸும் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரே விரலைப் பாதி அங்கே பாதி இங்கே படும்படி வைக்க வேண்டும். இறுக்கமான மூட்டில் இரண்டும் ஒன்றாக அதிரும். தளர்ந்த மூட்டில் இரண்டும் தனித்தனியாக ஆடுவது விரலுக்கு உடனே தெரியும். சைலன்சர் பக்கம் மட்டும் கையை விடாதீர்கள். அந்தச் சோதனையில் என் வண்டியில் மூன்று மூட்டுகள் அகப்பட்டன. அதற்குள் நான் ஜெல் உறை, ஃபோம் கைப்பிடி, கையுறை எல்லாம் வாங்கி முடித்திருந்தேன்.

ஸ்பேனர் வேலை: செலவு குறைவு, பலன் மிக அதிகம்

இந்த வழிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன். அந்த மரியாதைக்கு இது தகுதியானது.

புல்லட்டின் சேசிஸில் முன்பக்கம் இறங்கி வரும் ஒற்றைக் குழாய் எஞ்சினுக்கு முன்னால் முடிந்துவிடும். அங்கிருந்து பின்பக்கம் வரை சேசிஸின் அடிப்பாகமாக நிற்பதே எஞ்சின்தான். முன்தகடு, பின்தகடு, அடியில் போகும் நீள போல்ட்டுகள், மேலே சிலிண்டர் தலையைச் சேசிஸோடு பிணைக்கும் பட்டை ஆகியவை சேர்ந்துதான் இரண்டையும் ஒரே உடலாக்குகின்றன. மெக்கானிக்குகள் இவற்றை ஃபவுண்டேஷன் போல்ட் என்பார்கள், பொருத்தமான பெயர். இவற்றில் ஒன்று தளர்ந்தால் எஞ்சின் தனியாக, சேசிஸ் தனியாக ஆடும். பிறவி நடுக்கத்தோடு மோதல் அதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

இருக்கிற போல்ட்டுகளை ஒரு சுற்று முறுக்கிவிட்டு வருவது வேலை ஆகாது. எல்லாவற்றையும் தளர்த்தி, எஞ்சினை அதன் இயல்பான இடத்தில் உட்காரவிட்டு, கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு வரவேண்டும். தலைப்பட்டை கடைசியில். அதன் ஓட்டை நேராகச் சேரவில்லை என்றால் இழுத்துப் பிடித்து போல்ட் போடாதீர்கள்; இடைவெளிக்கு ஏற்ற வாஷரை வைத்து நிரப்புங்கள். இழுத்து மாட்டிய பட்டை ஓரிரு மாதத்தில் விரிசல் விடும். பழைய போல்ட்டைக் கழற்றி அதன் நடுவுடலைப் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் அது ஓட்டைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். என் முன்தகட்டில் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. அப்படிப்பட்ட தகட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயன் குறைவு; தகட்டை மாற்ற வேண்டும், அல்லது ஓட்டையை அடைத்துச் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். புதிய போல்ட், நைலாக் நட், புதிய தகடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒரு நல்ல கையுறையின் விலையைவிடச் சற்று அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

அன்று மாலை வண்டியை எடுத்தபோது பெட்ரோல் டேங்க்கின் கிலுகிலுப்பு நின்றிருந்தது. பெரியப்பா காலத்திலிருந்தே அந்தச் சத்தம் வண்டியோடு பிறந்தது என்று நினைத்திருந்தேன்.

போல்ட்டுக்கு அடுத்தது டியூனிங். பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பற்றவைப்பு, முழுவதும் பின்தள்ளிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால். சுற்று ஏற ஏறப் பற்றவைப்பைத் தானாக முன்தள்ளும் அமைப்பின் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் அதன் எடைத் துண்டுகள் குறைந்த சுற்றிலேயே விரிந்துவிடும்; எஞ்சின் கரகரவென்று அடிக்கும். டைமிங் தாங்கியை மட்டும் திருகித் திருகிச் சலித்தவர்கள் இந்த ஸ்பிரிங்கைப் பார்க்க மறந்திருப்பார்கள். டேப்பெட் என்கிற வால்வு இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை அமுக்க உச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும்: வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இடப்பக்க மூடிக்குள் எஞ்சினைக் கிளட்சோடு இணைக்கும் பிரைமரி செயினில், மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. அளவு தொய்வு இருக்கட்டும். தொய்வு மிகுந்தால் ஒவ்வொரு வெடிப்பிலும் செயின் சவுக்கடிபோல் இழுக்கும். பின் சக்கரத்தின் கஷ் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தால் அந்தச் சவுக்கடியைத் தாங்கி மென்மையாக்க எதுவுமே மிஞ்சாது. அந்த ரப்பர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; மாற்றுவதற்குப் பின் சக்கரத்தைக் கழற்றினால் போதும்.

கையை வந்தடையும் இடத்தில்

இனி ஹேண்டில்பார். இங்கேதான் தேர்வுகள் அதிகம், குழப்பமும் அதிகம்.

ஃபோம் உறை, ஜெல் உறை, திணிப்புள்ள கையுறை மூன்றும் ஒரே குடும்பம். கூர்மையான சிறு அதிர்வை ஓரளவு மழுக்கும். 3000 சுற்றில் வரும் அந்தப் பெரிய 50 தடவை உதறலுக்கு இவை மிக மெல்லியவை. தடித்த உறை கைப்பிடியின் சுற்றளவைக் கூட்டும். சிறிய கை உள்ளவர்கள் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இறுக்கிப் பிடித்த கை அதிர்வை அதிகமாக உள்வாங்கும். கையுறை பாதுகாப்புக்காக எப்படியும் வேண்டும். ஃபோம் உறையை நான் கழற்றிவிட்டேன்.

ஹேண்டில்பார் முனையில் எடை சேர்ப்பது வேறு வகை வேலை. நடுவில் பிடித்து இரு முனையும் சும்மா விட்ட இரும்புக் குழாய் இசைக்கவை மாதிரி. அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வு எண் இருக்கும். எஞ்சினின் உதறலோ அதன் மடங்கு ஒன்றோ அந்த எண்ணோடு ஒத்துப்போகும் வேகத்தில் கைப்பிடி வெறிபிடித்ததுபோல் நடுங்கும். ஐந்து கிலோமீட்டர் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கும். உங்கள் வண்டி இப்படி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மோசமாக நடுங்குகிறதென்றால், முனை எடை உங்களுக்கான மருந்து. எடை கூடினால் இயல்பு அதிர்வு எண் கீழே இறங்கும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திலிருந்து அந்த வெறி விலகிப்போகும். விலகி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்: எனக்கு 65-இல் இருந்தது 45-க்கு இறங்கியது. ஊருக்குள் அது சற்றுத் தொல்லை, நெடுஞ்சாலையில் பெரிய நிம்மதி. ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு இந்தப் பேரம் கட்டாது.

எவ்வளவு எடை என்று வாங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். மீன்பிடிப் பொருள் விற்கும் கடையில் தூண்டில் ஈயம் கிடைக்கும். பக்கத்துக்கு 150 கிராம், பிறகு 200, பிறகு 250 என்று துணி நாடாவால் கைப்பிடியின் வெளிமுனையில் இறுக்கிக் கட்டி, கிளட்ச், பிரேக் லீவர்கள் முழுவதும் அமுங்குகின்றனவா என்று பார்த்து, தெரிந்த சாலையில் ஒரு சுற்று வாருங்கள். பக்கக் கண்ணாடியே அளவுகோல்: எந்த எடையில், எந்த வேகத்தில் பின்னால் வரும் வண்டியின் எண் படிக்கத் தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு லேத்தில் கடைந்த முனை எடை வாங்கினால் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கிய இலகுவான அலுமினிய முனைகள் இரண்டு என் அலமாரியில் கிடக்கின்றன. பார்க்க அழகு, எடையே இல்லை.

மூன்றாவது, குழாயின் உள்ளே நிரப்புவது. சிலர் மணல் போடுகிறார்கள். மணல் ஈரம் பிடித்து உள்ளே துரு ஏற்றும். நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறு ஈயக் குண்டுகள் நல்லவை. எடையைக் கூட்டுவதோடு, குண்டுகள் ஒன்றோடொன்று உரசும்போது அதிர்வின் ஆற்றலைச் சூடாக்கித் தின்றுவிடுகின்றன. முனை எடை அதிர்வை இடம் மாற்றுகிறது. ஈயக் குண்டு அதில் ஒரு பங்கை அழிக்கிறது. ஆகவே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்களுக்கு நான் ஈயக் குண்டையே சொல்வேன். வேலை கொஞ்சம் அழுக்கு. ஒரு முனையை அடைத்து, நிரப்பி, தட்டித் தட்டி உட்காரவைத்து, மறுமுனையை அடைக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் வைக்க வேண்டும்.

எதைச் செய்தாலும் வலக்கை முனையில் ஒரு சோதனை கட்டாயம். ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால், ஹேண்டிலை எந்தப் பக்கம் முழுவதும் திருப்பியிருந்தாலும், அது தானாகச் சட்டென்று மூட வேண்டும். முனை எடை உரசி ஆக்சிலேட்டர் பாதியில் நின்ற வண்டி, நடுங்குகிற வண்டியைவிட எத்தனையோ மடங்கு ஆபத்தானது.

ரப்பர் புஷ் வைத்த ஹேண்டில் தாங்கிகளும் சந்தையில் உண்டு. இந்தப் புல்லட்டில் ஹேண்டில்பார் ஹெட்லைட்டையும் மீட்டரையும் தாங்கும் வார்ப்புக் கூட்டின்மேல் நேரடியாக உட்காருவதால் அவற்றைப் பொருத்தும் இடமே சிக்கல்; திருப்பும்போது கொழகொழவென்ற உணர்வும் வரும். விட்டுவிட்டேன்.

ஹேண்டிலைப் பற்றிப் பேசும்போது ஒன்று: கைப்பேசியை அதில் மாட்டாதீர்கள். சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைநிறுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது.

சுற்றைக் குறைப்பது: ஒரு பல் கூடுதலா, ஐந்து கிலோமீட்டர் குறைவா

வர்க்கக் கணக்கு இங்கே கைகொடுக்கிறது. என் வண்டியின் கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் 16 பல். 70 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 3000 சுற்றில் ஓடுகிறது. அதை 17 பல்லாக மாற்றினால் அதே வேகத்தில் சுற்று ஏறத்தாழ 6 சதவீதம் குறையும்; உதறும் விசை 11 சதவீதம் குறையும். காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், நீண்ட சமவெளிச் சாலையில் எஞ்சினின் மூச்சே மாறிவிடும்.

ஆனால் இரண்டு விலைகள் உண்டு. புல்லட்டில் அந்த ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால், பிரைமரி கூட்டின் உள்மூடிக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதை எட்ட, இடப்பக்கத்தை முழுவதும் பிரிக்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டை மாற்றலாம் என்றால் அது பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு. இரண்டாவது விலை மேட்டில் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் 17 பல்லோடு ஏறுகிறவர் அடிக்கடி கியரை இறக்க வேண்டும். சோம்பல்பட்டு மேல் கியரிலேயே முக்கிக்கொண்டு ஏற்றினால் கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டின் புஷ் அடிவாங்கும். அந்தப் பழைய எஞ்சினின் பிக் எண்டில் உருளை பேரிங் கிடையாது. எண்ணெயில் மிதக்கும் புஷ் மட்டுமே. குறைந்த சுற்றில் அதிகச் சுமை அதற்குப் பரம எதிரி. மலையிலோ பின்னால் ஆள் ஏற்றியோ அதிகம் ஓட்டுபவர்கள் 16-லேயே இருக்கட்டும். தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற சமவெளியில் தனியாக ஓட்டுபவர்களுக்கு 17 நல்ல தேர்வு.

இதற்குச் செலவே இல்லாத மாற்று ஒன்று இருக்கிறது. 70-இல் ஓட்டுவதை 60-க்குக் குறைத்தால் உதறும் விசை 27 சதவீதம் குறைகிறது. ஸ்பிராக்கெட் தருவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். புதுக்கோட்டைக்கு எட்டு நிமிடம் கூடுதலாகும். அந்த எட்டு நிமிடத்தை நான் மனமாரக் கொடுக்கிறேன். தினமும் வேலைக்கு இந்த வண்டியில் போகிறவரிடம் அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

எஞ்சினைப் பிரிப்பது

கிராங்க்கை நேராக்கினால், எதிர் எடையைச் சரிசெய்தால் நடுக்கம் பறந்துவிடும் என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. கிராங்க் உண்மையிலேயே கோணியிருந்தால், அல்லது பிக் எண்ட் தேய்ந்து தட்டினால், எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். அது நடுக்கத்துக்கான வைத்தியம் என்பதைவிட எஞ்சினின் உயிரைக் காப்பாற்றும் அறுவை. அப்படிப் பிரித்த வேளையில் நல்ல கிராங்க் வேலைக்காரர் டயல் கேஜ் வைத்து இரு பக்கத் தண்டும் ஒரே கோட்டில் சுழல்கின்றனவா என்று நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துத் தருவார். அதன் பலன் ஓட்டும்போது தெரியும்.

எஞ்சின் நன்றாக இருக்கும்போது நடுக்கத்துக்காக மட்டும் பிரிப்பதை நான் எதிர்க்கிறேன். பட்ட அனுபவம் இது. சிலிண்டரை போர் செய்து, அதாவது உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி, அடுத்த அளவு பிஸ்டன் போட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள், ஒப்புக்கொண்டேன். வண்டி திரும்பி வந்தபோது முன்பைவிட அதிகமாக நடுங்கியது. பழைய பிஸ்டனையும் அதே வகைப் புதிய பிஸ்டனையும் மளிகைக் கடை மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்தேன்: புதியது 40 கிராம் கூடுதல். 3000 சுற்றில் அந்த 40 கிராம் மட்டும் 18 கிலோ எடை அளவுக்கு உதறலைக் கூட்டுகிறது. எதிர் எடையோ பழைய பிஸ்டனுக்கென்று கணக்கிட்டது. மறுபடி பிரித்து, எடை ஒத்த பிஸ்டனைத் தேடிப் போட்டேன். ஆகவே பிரித்தே தீரவேண்டிய நிலை வந்தால், பழைய பிஸ்டனைத் தூக்கிப் போட விடாதீர்கள். பின், ரிங்கோடு சேர்த்து எடையைக் குறித்துக்கொண்டு, புதியதை அந்த எடையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பட்டறைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே ரப்பர் வைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. 1967-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோவில் அது அருமையாக வேலை செய்தது. அங்கே எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒரே தொகுதியாக்கி, அந்தத் தொகுதியை ரப்பரில் மிதக்கவிட்டார்கள்; அதற்கென்றே சேசிஸை வடிவமைத்தார்கள். புல்லட்டில் எஞ்சினே சேசிஸின் ஒரு துண்டு. அங்கே ரப்பரைச் செருகினால் சேசிஸின் முதுகெலும்பில் ரப்பர் வைத்ததாகிவிடும். வளைவில் வண்டி நெளியும். இதை யாரும் முயல வேண்டாம்.

வண்டியையே மாற்றுவது

இதை அவமானமாக நினைக்கத் தேவையில்லை. 2020 நவம்பரில் மீட்டியோர் 350-உடன் வந்த புதிய எஞ்சினில் பாலன்சர் ஷாஃப்ட் இருக்கிறது, 72 மி.மீ. விட்டம், 85.8 மி.மீ. ஓட்டம், 349 சி.சி. கிராங்க்குக்கு எதிராக அதே வேகத்தில் சுழலும் அந்தத் தண்டு, நான் மேலே எழுதிய முன்பின், மேல்கீழ் பேரத்தையே தேவையற்றதாக்கிவிடுகிறது. 2023 செப்டம்பரில் புல்லட் 350-க்கும் அதே எஞ்சின் வந்தது. ஓட்டிப் பார்த்தேன், 80-இலும் கண்ணாடியில் முகம் தெரிகிறது. பழைய வண்டியில் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அந்த இடத்தை எட்ட முடியாது.

எனவே யாருக்கு எது என்பதில் என் தீர்ப்பு இப்படி. வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் கழித்தும் விரல் மரத்திருக்கிறது, குளிரில் விரல்நுனி வெளுக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். பழைய வண்டியில் நெடும்பயணத்தை நிறுத்துங்கள். கைக்கு வரும் அதிர்வைத் தொழிலிடங்களில் கட்டுப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2002-இலேயே சட்டம் கொண்டுவந்தது. அதிர்வின் முடுக்கம் எட்டு மணி நேரக் கணக்கில் விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்கிறது அது. நரம்பும் சிறு இரத்தக் குழாய்களும் கெட்டுப்போகின்றன என்பதற்காக வந்த சட்டம். தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்களுக்கும் பாலன்சர் உள்ள வண்டியே சரி.

வாரம் ஒருமுறை, ஆசைக்காக ஓட்டுபவர்கள் முதல் மாதத்தில் எதையும் வாங்க வேண்டாம். போல்ட், தகடு, டைமிங், டேப்பெட், செயின், கஷ் ரப்பர் என்ற வரிசையில் முடித்துவிட்டு 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தொல்லை இருந்தால் ஈயக் குண்டு, அது போதாவிட்டால் முனை எடை. எல்லா வேகத்திலும் சீராக இருந்து, வேகம் ஏற ஏறக் கூடுகிறதென்றால் அது பிறவி நடுக்கம். ஸ்பிராக்கெட்டோ மெதுவான ஓட்டமோதான் வழி.

என் வண்டி இப்போது 60-இல் புதுக்கோட்டை போய் வருகிறது. ஹேண்டில்பாருக்குள் ஈயக் குண்டு, பக்கத்துக்கு 200 கிராம் முனை எடை, புதிய முன்தகடு. 17 பல் ஸ்பிராக்கெட்டை வாங்கி எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். கிளட்ச் தட்டுகள் இன்னும் ஒரு வருடமாவது வரும். அவற்றை மாற்ற இடப்பக்கத்தைப் பிரிக்கும் நாளில் அதையும் போட்டுக்கொள்ளலாம். அதுவரை 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த மூன்று மூட்டுகளிலும் விரலை வைத்துப் பார்க்கிறேன். போன முறை தலைப்பட்டையின் பின் நட் கால் சுற்று இறங்கியிருந்தது.